இரவில் லைட் அடித்து வேட்டையாடுவது: சட்டம் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. லைட் இன்று எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிறது. தண்ணீர் பாய்ச்சப் போக, மாட்டுத் தொழுவத்துக்கு, மின்வெட்டுக்கு என்று வாங்கி வைக்கிறோம். அதே லைட்டைக் கட்டிக்கொண்டுதான் ராத்திரியில் முயலுக்கும் மானுக்கும் போகிறார்கள். பிடிபட்ட பிறகு பலரும் சொல்வது, "இது இவ்வளவு பெரிய கேஸ் என்று தெரியாது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஒரு முயலுக்காக ஒரு குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையக் கூடாது, அந்த முயலும் சாகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். இந்தியச் சட்டத்தை, குறிப்பாகத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியிருக்கிறேன். பிற நாடுகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வருகிறது.

இரவில் லைட் அடித்து வேட்டையாடுவது குற்றமா?

குற்றம். லைட் இல்லாமல் பகலில் வேட்டையாடினாலும் குற்றம்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 9-வது பிரிவு, அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் உள்ள எந்தக் காட்டு விலங்கையும் வேட்டையாடக் கூடாது என்கிறது. இந்தியாவில் பொழுதுபோக்குக்கோ கறிக்கோ வேட்டையாட இப்போது யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. அதனால் "எத்தனை வாட்ஸ் லைட் அடிக்கலாம், எத்தனை மணி வரை அடிக்கலாம்" என்று யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பவர்களுக்கு, இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அப்படியென்றால் நம் சட்டத்தில் லைட்டைப் பற்றி எதுவுமே இல்லையா?

இருந்தது. 1972-ல் சட்டம் வந்தபோது வேட்டை முழுதாகத் தடை செய்யப்படவில்லை. சிறு வேட்டை, பெரு வேட்டை என்று வகைவாரியாக லைசென்ஸ் கொடுத்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவரும் என்னென்ன செய்யக் கூடாது என்று 17-வது பிரிவு அடுக்கியிருந்தது. வண்டியில் இருந்தபடி சுடக் கூடாது. விஷம், வெடி, வலை, கண்ணி, குழி எதுவும் வைக்கக் கூடாது. புதருக்குத் தீ வைத்து விலங்கை வெளியே வரவழைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வரும் இடத்திலும் உப்பு நக்க வரும் இடத்திலும் காத்திருந்து அடிக்கக் கூடாது. இவற்றோடு, செயற்கை வெளிச்சம் போட்டு வேட்டையாடக் கூடாது என்றும், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வேட்டையே கூடாது என்றும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

லைட்டுக்கும் இரவுக்கும் ஒரே ஒரு விலக்குதான் இருந்தது. தான் கொன்று போட்ட இரையைத் தின்னத் திரும்பி வரும் ஊனுண்ணியைச் சுடுவதற்கென்று சிறப்பு அனுமதி பெற்றிருந்தால் மட்டும் வெளிச்சம் போடலாம்.

1991-ல் சட்டம் திருத்தப்பட்டு, லைசென்ஸ் வேட்டை முடிவுக்கு வந்தது. வேட்டையே இல்லை என்றானபின் அதற்கான விதிமுறை எதற்கு? 17-வது பிரிவும் நீக்கப்பட்டது. லைட் பற்றிய வரி இன்று சட்டத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். இதை வைத்து, "லைட் அடிக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அந்த வாதம் கோர்ட்டில் நிற்காது.

லைசென்ஸ் கொடுத்த காலத்தில்கூட லைட்டை மட்டும் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள்?

விலங்கின் கண்ணில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். மான், காட்டுமாடு, சிறுத்தை, தேவாங்கு போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால், கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சமும் விழித்திரை வழியாக இரண்டு முறை போவதால், நமக்கு இருட்டாகத் தெரிகிற இடத்திலும் அவற்றுக்குப் பார்வை கிடைக்கிறது. டார்ச் அடித்தால் கண் மின்னுவதும் இதே படலத்தால்தான். மனிதருக்கு இது கிடையாது, பன்றிக்கும் கிடையாது.

இருட்டுக்குப் பழகிய அந்தக் கண்ணில் திடீரென்று பலமான வெளிச்சம் பாய்ந்தால் விலங்குக்கு எதிரே எதுவும் தெரியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்று புரியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஓடித் தப்பிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு உயிரை, ஓட முடியாமல் நிறுத்தி வைத்து அடிப்பதுதான் லைட் வேட்டை. வேட்டையை வீரமாகப் பார்த்த பழைய ஷிகாரிகளிலேயே பலர் இதை இழிவாக நினைத்தார்கள்.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. பகலில் ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் ஒரு மானைக் கண்ணில் பார்ப்பது கஷ்டம். ஜீப்பும் சர்ச் லைட்டும் இருந்தால் ஒரே இரவில் மேய்ச்சல் வெளியில் உள்ள அத்தனை கண்களும் தெரியும். எது ஆண், எது சினையாக இருக்கிறது, எது குட்டியோடு நிற்கிறது என்று வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. கண் மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் நிற்பது மாடா, ஆடா, தோட்டத்தில் காவல் இருக்கும் நாயா என்றுகூடப் பல நேரம் தெரியாது. விலங்கு என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றில் பல இரவில் நடப்பவை.

வெளிச்சமும் வண்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா ராமானுஜ பிரதாப் சிங் தேவ், 1947-ல் ஓர் இரவு காரில் போகும்போது வழியில் மூன்று சிவிங்கிப்புலிகளை, அதாவது சீட்டாக்களைப் பார்த்தார். மூன்றையும் சுட்டார். இந்தியாவில் சிவிங்கிப்புலி சுடப்பட்டதாக உறுதியான பதிவு உள்ள கடைசிச் சம்பவம் அதுதான். 1952-ல் அந்த இனமே நாட்டில் அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. 2022-ல் நமீபியாவில் இருந்து எட்டு சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து குனோ தேசியப் பூங்காவில் விட்டபோது நாடே கொண்டாடியது. நம் மண்ணில் இருந்ததைக் காப்பாற்றியிருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது.

முயல்தானே? அதற்குமா ஜெயில்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நம் ஊர்க் காட்டு முயல் சட்டத்தின் அட்டவணை 2-ல் இருக்கிறது. காட்டுப்பன்றியும் அதில்தான். 2022-ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விலங்குகளுக்கு முன்பு பல அட்டவணைகள் இருந்தன, இப்போது இரண்டுதான். இரண்டில் எதில் இருந்தாலும் வேட்டையாடக் கூடாது. அட்டவணை 2-ல் உள்ள விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முயலுக்குப் போகிறவர்கள் கையில் கிடைப்பதை விடுவதில்லை என்பது அடுத்த சிக்கல். வழியில் உடும்பு தெரிந்தால் அதையும் பிடிப்பார்கள், எறும்புத்தின்னி தெரிந்தால் அதையும். உடும்பு, எறும்புத்தின்னி, தேவாங்கு, சருகுமான், வெளிமான், நட்சத்திர ஆமை எல்லாம் அட்டவணை 1. அங்கே தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டத்தில் இருந்தால், நீதிபதி மனமிரங்கினாலும் அதற்குக் கீழே போவது கடினம். ஜாமீன் கிடைப்பதும் எளிதல்ல.

பேப்பரில் "முயல் வேட்டை, ஒரு லட்சம் அபராதம்" என்று போடுகிறார்களே, பணம் கட்டினால் முடிந்துவிடுமா?

சில வழக்குகளில் முடியும். சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். ஆனால் இது உங்கள் உரிமை இல்லை, அந்த அலுவலரின் முடிவு. அட்டவணை 1 விலங்கு, சரணாலயத்துக்குள் வேட்டை போன்று குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு இந்த வழியே கிடையாது. கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஒரு லட்சம் என்பது எத்தனை மாத உழைப்பு என்று நினைத்துப் பாருங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற நிலைமை வரை போகிறது.

என் கையில் டார்ச் மட்டும்தான் இருந்தது, எதையும் கொல்லவில்லை. கேஸ் போட முடியுமா?

முடியும். சட்டத்தில் "வேட்டை" என்பதற்குள் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் அடங்கும். 52-வது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: முயற்சி செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார். ஆகவே ஒருவர் லைட் அடிக்க, ஒருவர் கம்பு வைத்திருக்க, இன்னொருவர் பைக்கில் உட்கார்ந்திருக்க, மூவர் மேலும் ஒரே வழக்குதான் வரும். "நான் லைட் மட்டும்தான் பிடித்தேன்" என்பது தற்காப்பு ஆகாது. செய்த உதவியை ஒப்புக்கொள்வதாகத்தான் முடியும்.

அதற்காக, டார்ச் வைத்திருப்பவர் எல்லாம் வேட்டைக்காரர் என்று ஆகிவிடாது. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவரிடமும் டார்ச் இருக்கும். எந்த இடம், எந்த நேரம், கூட என்ன வைத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நெற்றி லைட், நாட்டுத் துப்பாக்கி, சுருக்குக் கம்பி, சாக்குப்பை ஆகியவற்றோடு நடுராத்திரியில் காப்புக்காட்டு எல்லையில் நின்றால் விளக்கம் சொல்வது கஷ்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் வேட்டையாடுவதும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன் 21-வது பிரிவிலும் குற்றம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தாலே, எதையும் சுடாவிட்டாலும், வன உயிரினச் சட்டத்தின் 31-வது பிரிவு பாயும்.

என் சொந்தப் பட்டா நிலத்துக்கு வரும் முயலை, மானைக்கூட அடிக்கக் கூடாதா?

கூடாது. காட்டு விலங்குக்கு நில எல்லை கிடையாது, சட்டத்துக்கும் அந்தப் பாகுபாடு கிடையாது. பட்டா நிலம், ஏரிக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, ரோடு என்று எங்கே இருந்தாலும் அது பாதுகாக்கப்பட்ட விலங்குதான்.

துப்பாக்கிக்கு முறையான லைசென்ஸ் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே கொடுத்தது. அதை வைத்து?

ஆயுதச் சட்டம், 1959-ல் பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி லைசென்ஸ் உண்டு, உண்மைதான். ஆனால் அது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான அனுமதி. காட்டு விலங்கைச் சுடுவதற்கான அனுமதி வேறு சட்டத்தில் இருந்து, வேறு அலுவலரிடமிருந்து வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வன உயிரினச் சட்டத்தில் தண்டனை பெற்றால் அந்தத் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்யவும், 5 ஆண்டுக்குப் புது லைசென்ஸ் கிடைக்காதபடி செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்ட வழக்கும் கூடவே சேரும். அது தனிச் சிறை.

காட்டுப்பன்றி பயிரை நாசம் செய்கிறது. ராத்திரிதான் வருகிறது. லைட் அடித்துச் சுட அனுமதி வாங்க முடியுமா?

இதைக் கேட்பவர்களின் வேதனை நியாயமானது. கடலைக் காடோ மக்காச்சோளமோ ஒரே இரவில் போய்விடும். போட்ட முதல் திரும்பாது. வன விலங்கு ஆர்வலர்கள் பலர் இந்த இழப்பைப் பற்றிப் பேசாமல் விலங்கைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அட்டவணை 2 விலங்கு மனித உயிருக்கோ, நிற்கிற பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் காரணம் காட்டி அதை வேட்டையாட அனுமதிக்கலாம். அந்த உத்தரவில் யார், எங்கே, எப்படி என்று சொல்லியிருப்பதைத்தான் செய்ய வேண்டும். இரவு, வெளிச்சம் என்பதெல்லாம் அந்த உத்தரவுக்கு உட்பட்டவை.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணை தூரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர். விவசாயி தானே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக இந்த ஆணையில் இடமில்லை.

கேரளத்தில் வேறு ஏற்பாடு. 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பன்றியைச் சுட அனுமதிக்கிறார்கள். விஷம், வெடி, மின்சாரம் அங்கேயும் கூடாது. பீகார், உத்தரகண்ட் போன்ற சில மாநிலங்களில் 2015, 2016-ல் சில மாவட்டங்களுக்கு மட்டும் ஓராண்டுக் காலத்துக்குக் காட்டுப்பன்றியைத் தீங்குயிர், அதாவது வேட்டைத் தடை பொருந்தாத விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. அதைத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம்.

சுடவில்லை, லைட் அடித்து விரட்ட மட்டும் செய்யலாமா?

உங்கள் வயலில் நின்று, பயிரைக் காப்பாற்ற டார்ச் அடிப்பது, தகரம் தட்டுவது, சத்தம் போடுவது காலம்காலமாக நடப்பது. அதை யாரும் வேட்டை என்று சொல்வதில்லை. வனத்துறையின் யானை விரட்டும் குழுக்களே சர்ச் லைட் வைத்துத்தான் வேலை செய்கின்றன. தூரத்தில் இருந்து, விலங்குக்குப் போக வழி விட்டு அடிப்பதுதான் சரியான முறை. விலங்கைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது, பைக்கில் லைட் போட்டு யானையைச் சுற்றி வளைப்பது, வீடியோ எடுப்பதற்காக முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டே நிற்பது எல்லாம் வேறு கதை. யானை திரும்பினால் ஓட நேரம் இருக்காது. தீப்பந்தம் எறிவதை 2018-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்து நிறுத்தச் சொன்னது.

வெளிச்சத்தை நல்ல விதமாகப் பயன்படுத்தும் ஒரு உதாரணம் வால்பாறையில் இருக்கிறது. யானை அருகில் இருந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகளை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு தேயிலைத் தோட்டப் பகுதிகளில் உயரமான இடங்களில் வைத்தது. தொலைபேசி மூலம் அதை எரியவிடலாம். கூடவே குறுஞ்செய்தியும் போகும். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு மக்கள் வழியை மாற்றிக்கொள்கிறார்கள். யானைக்கும் தொந்தரவில்லை.

ராத்திரி வண்டியில் வரும்போது ஹெட்லைட்டில் மிரண்டு ஒரு முயல் அடிபட்டுச் செத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகலாமா?

எடுக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத விதி இது. 39-வது பிரிவுப்படி, வேட்டையாடப்பட்ட விலங்கு மட்டுமல்ல, செத்துக் கிடக்கும் விலங்கும் தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசு சொத்து. அதன் இறைச்சியும் அப்படியே. அனுமதி இல்லாமல் எடுத்துப் போனால், விபத்தாக இருந்த ஒன்று குற்றமாகிவிடுகிறது. அந்த விலங்கு எந்த வகையிலாவது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். மான் போன்ற பெரிய விலங்கு என்றால் வண்டியை ஓரமாக நிறுத்தி உடனே போன் செய்துவிடுங்கள். உயிர் இருந்தால் காப்பாற்ற வாய்ப்பும் உண்டு.

நான் வேட்டைக்குப் போகவில்லை. தெரிந்தவர் கொடுத்த கறியை வாங்கினேன், அவ்வளவுதான்.

அரசு சொத்தை அனுமதியின்றி வைத்திருந்தவர் ஆகிவிடுகிறீர்கள். அதோடு 57-வது பிரிவு ஒரு கடுமையான விதியைச் சொல்கிறது. காட்டு விலங்கோ அதன் இறைச்சியோ ஒருவர் வசம் இருந்தது என்று நிறுவிவிட்டால், அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. வழக்கமான குற்ற வழக்கில் அரசுத் தரப்பு நிரூபிக்கும். இங்கே பாரம் உங்கள் தோளுக்கு வருகிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரணாலயம், புலிகள் காப்பகத்துக்குள் பிடிபட்டால்?

சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ எந்த விலங்கை வேட்டையாடினாலும், அது முயலாகவே இருந்தாலும், 3 முதல் 7 ஆண்டு சிறை, 25 ஆயிரத்துக்குக் குறையாத அபராதம். புலிகள் காப்பகத்தில் வேட்டையாடினால் அதே சிறையோடு 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். அங்கே இரண்டாம் முறை என்றால் சிறை 7 ஆண்டுக்குக் குறையாது, அபராதம் 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை ஆகியவை தமிழ்நாட்டின் புலிகள் காப்பகங்கள். இவற்றை ஒட்டி வாழ்பவர்கள் எல்லை எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

பைக்கும் போனும் என்ன ஆகும்?

குற்றத்துக்குப் பயன்படுத்திய வண்டி, ஆயுதம், கண்ணி, கருவி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். லைட்டும் பேட்டரியும் அதில் வரும். தவணை கட்டி முடிக்காத பைக் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து நிற்கும். போனில் இருக்கும் படங்களும் வீடியோக்களும் சாட்சியமாகலாம். வேட்டையாடியதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு, அதை வைத்தே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

காட்டு வழிச் சாலையில் இரவில் போகும்போது விலங்குகளை லைட் அடித்துப் பார்க்கலாமா? இரவு சஃபாரி என்று கூப்பிடுகிறார்களே?

அடிக்க வேண்டாம், போகவும் வேண்டாம். சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதோ துன்புறுத்துவதோ 27-வது பிரிவில் குற்றம். தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். இரவு சஃபாரி என்று விடுதிப் பக்கம் தனியார் ஜீப்பில் அழைத்துப் போய் சர்ச் லைட் அடிப்பது அனுமதி இல்லாத காரியம். மாட்டினால் ஓட்டுநரோடு பயணியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாகன வெளிச்சமும் ஓட்டமுமே விலங்குகளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதால்தான் பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. சத்தியமங்கலம் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையிலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தது.

தவளை, பாம்பு, தேவாங்கு என்று இரவில் தேடிப் படம் எடுப்பவர்களுக்கு என்ன விதி?

உங்கள் தோட்டத்தில் தவளையை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதில் தவறில்லை. காப்புக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் அனுமதி இல்லாமல் இரவில் போக முடியாது. கேமரா வைத்திருப்பது விலக்கு ஆகாது. ஆய்வுக்காகப் பிடிக்க வேண்டும் என்றால் 12-வது பிரிவில் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம், அந்த விலங்குக்காகவே உருவானது. தேவாங்கைக் கணக்கெடுப்பவர்கள் சிவப்பு வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் கண்ணைச் சிவப்பு அதிகம் உறுத்துவதில்லை. படம் எடுப்பவர்களும் வெள்ளை எல்.இ.டி.யை முகத்துக்கு நேரே பிடிக்காமல் இருந்தால் நல்லது. அந்தப் பெரிய கண்கள் மங்கிய நிலவொளிக்கானவை.

வெளிச்சமே வராத நைட் விஷன், வெப்பம் காட்டும் கருவி என்றால்?

வேட்டைக்கு என்றால் எதுவும் உதவாது. தடை வெளிச்சத்தின் மேல் இல்லை, வேட்டையின் மேல் இருக்கிறது.

ராத்திரியில் ஒரு விலங்கு தாக்க வந்து, தற்காப்புக்காகக் கொன்றுவிட்டால்?

நல்லெண்ணத்தோடு தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொன்றால் அது குற்றமில்லை என்று 11-வது பிரிவே சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் சட்டத்தை மீறிய வேறு காரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, சுட்டேன் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அப்படிக் கொல்லப்பட்ட விலங்கும் அரசு சொத்துதான்.

வெளிநாடுகளில் அனுமதிக்கிறார்களே?

சில இடங்களில், சில விலங்குகளுக்கு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவில் துப்பாக்கி கையில் இல்லாமல் வயலில் லைட் அடித்து மான்களைப் பார்க்கலாம். இரவு 11 மணியோடு நிறுத்த வேண்டும், துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்தில் அதுவும் கூடாது. டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு, பெருகிவிட்ட காட்டுப்பன்றியை ராத்திரி லைட் அடித்துச் சுடலாம். அங்கே அது வெளியில் இருந்து வந்து மண்டிய விலங்கு, நம் ஊர் நிலைமையோடு ஒப்பிட முடியாது.

இங்கிலாந்தில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை மானைச் சுடுவதை 1991-ம் ஆண்டின் மான் சட்டம் தடுக்கிறது. ஐரோப்பாவில் 1979-ம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை, செயற்கை வெளிச்சத்தையும் இலக்கை ஒளியூட்டும் கருவிகளையும் தடை செய்யப்பட்ட முறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஆஸ்திரேலியா. அங்கே வணிகத்துக்காகக் கங்காருவைச் சுடுவது இரவில், சர்ச் லைட் வெளிச்சத்தில்தான். லைசென்ஸ் பெற்ற, சுடும் தேர்வில் தேறிய ஆட்கள் செய்கிறார்கள். வெளிச்சத்தில் விலங்கு அசையாமல் நிற்பதால் ஒரே குண்டில் தலையில் சுட முடியும், வதை குறையும் என்பது அவர்கள் வாதம். கணக்கெடுத்து, இத்தனை என்று எண்ணிக்கை நிர்ணயித்து நடத்தும் அந்த ஏற்பாட்டையும், இங்கே இருட்டில் கணக்கே இல்லாமல் நடப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கடலில் லைட் போட்டு மீன் பிடிப்பதும் இதில் வருமா?

அது மீன்வளச் சட்டங்களின் கீழ் வருகிறது. எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்குகளால் மீனைக் கூட்டிப் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு இந்தியக் கடல் எல்லைக்குள் தடை செய்தது. குஞ்சு மீன் வரை வாரிவிடுவதும், சிறு படகுக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போவதும் காரணம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ராத்திரி லைட் அடித்துக்கொண்டு அலைகிறார்கள். என்ன செய்யலாம்?

நேரில் போய்த் தடுக்காதீர்கள். அவர்களிடம் துப்பாக்கி இருக்கலாம்; இருட்டில் உங்கள் அசைவையே விலங்கு என்று நினைத்துச் சுடலாம். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எத்தனை லைட், வண்டி நிற்கும் இடம் என்று கவனித்து, உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கோ 112-க்கோ சொல்லுங்கள். வனச்சரகர், வனவர், வேட்டைத் தடுப்புக் காவலர் இவர்களின் எண்ணை முன்பே போனில் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் தேட முடியாது. பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

சொல்லியும் நடவடிக்கை இல்லை என்றால் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 55-வது பிரிவுப்படி, 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் பொதுமக்களில் எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். முன்னறிவிப்பை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.